காலை ஏழு பத்து மேகம்

நவம்பர் 24

கோடரிமுடி வந்து சேர்ந்தேன். உயரம் ஏறத்தாழ 2,140 மீட்டர். மாலை வெப்பநிலை 11 பாகை, ஏறத்தாழ. கொண்டுவந்தவை: துணிப்பெட்டி ஒன்று, புத்தகப்பெட்டி இரண்டு, குடை இரண்டு (ஒன்று மற்றதற்கு மாற்று), மூக்குக்கண்ணாடி மூன்று.

வந்த காரணத்தை எழுதிவைப்பது நல்லது. பிறகு எனக்கே சந்தேகம் வரும். வங்கக்கடலிலிருந்து குளிர்காலப் புயல்கள் இந்த மலையில் ஏறும்போது, மேகத்துக்குள் எவ்வளவு நீர் துளியாக நிற்கிறது என்று அளக்க வேண்டும். மேகத்தைப் புடவை போலப் பிழிந்தால் தரையில் எத்தனை மில்லிமீட்டர் தேங்கும் என்பதே கணக்கு. புயல் நேரச் சராசரி 0.20க்கு மேல் இருந்தால், மேல்மலை நீர்த்திட்டத்தார் இங்கே உப்புத்தூள் புகைக்குழல்களை நட்டு மேகத்தை விதைப்பார்கள். கீழே உள்ள அணைக்கு மழை சேரும். குறைந்தால் வேறு மலை. டிசம்பர் 22இல் அறிக்கை. அதில் கையெழுத்திட வேண்டியவன் நான். வயது எழுபத்தொன்று, ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியன்.

என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு என்று திட்ட இயக்குநர் திவாகரனுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அடக்கம் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நுழைவுத்தேர்வில் பதினேழாம் கேள்விக்கு அச்சிட்டிருந்த விடை தவறு. விடைத்தாள் திருத்திய ஆறு பேரில் நான் மட்டும் அதைக் கண்டேன். மற்ற ஐவரும் காணாததால், தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஏழு முறை போட்டுப் பார்த்தேன். ஏழு முறையும் ஒரே விடை. வாய் திறக்கவில்லை. நாலாயிரம் பிள்ளைகளுக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. இப்போதும் எப்போதாவது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். விடை மாறவில்லை.

நவம்பர் 25

கருவியை நிறுவினோம். ரேடியோமீட்டர் என்று பெயர். வெள்ளை மூடி போட்ட பெட்டி. மேகத்துளிகள் தாமாக வெளியிடும் மிக மெல்லிய நுண்ணலைகளை, வானத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருக்கும். மின்கம்பியின் நீளம் போதாததால் சமையலறைச் சுவரை ஒட்டி வெளியே மேடை போட்டோம். இடம் தேர்ந்தது நான். சாப்பிட்டுக்கொண்டே திரையில் எண்களைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கே சமையல், பராமரிப்பு எல்லாம் மயிலாத்தாள் என்ற அம்மையார். காரமடைப் பக்கம். வயது ஐம்பத்தெட்டு என்று அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, நாள் பூரா அண்ணாந்தே கெடக்குதே, இதுக்குக் கழுத்து வலிக்காதுங்களா?" என்றார்.

அதற்குக் கழுத்து இல்லை என்று விளக்கினேன். விளக்கம் தேவைப்பட்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நவம்பர் 26

காலை இட்லி. ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக இருப்பவன். காலையில் ரொட்டித்துண்டு இரண்டு என்பது வழக்கம். இன்று ஐந்து இட்லி, ஏறத்தாழ. (கடைசி ஒன்றில் பாதியை மயிலாத்தாள் தாமாகவே வைத்தார்.)

ஒரு சிக்கல். இட்லிப் பானையைத் திறந்ததும் ஆவி அறை முழுக்க நிறைந்து என் கண்ணாடி மூடிக்கொண்டது. சட்னியை நோக்கி நீட்டிய கை வெந்நீர்ச் செம்புக்குள் போயிற்று. பிற்பகல் முழுவதும் உழைத்து, பழைய தகரத்தை வளைத்து, அடுப்புக்கு மேலிருந்து சன்னல் வழியாக ஆவியை வெளியே தள்ளும் குழாய் ஒன்று செய்து பொருத்தினேன். மலையில் காற்று எதிர்த்து வீசுவதால் குழாயின் வாயைச் சற்றே வலப்பக்கம் திருப்பினேன்.

வாழ்நாளில் நான் கையால் செய்த பயனுள்ள பொருள் இது ஒன்றுதான்.

நவம்பர் 27

காலை: இட்லி ஆறு. ஆவித் தொல்லை இல்லை. குழாய் அருமையாக வேலை செய்கிறது.
6:00 மணி அளவு: 0.06. 7:10க்கு: 0.91! 8:30க்கு: 0.07.
வியப்பாக இருக்கிறது. வானத்தில் மேகம் சுமார்.

நவம்பர் 28

இட்லி ஆறு. 7:10க்கு 0.94.

நவம்பர் 29

இட்லி ஆறரை. 7:10க்கு 0.97. திவாகரனுக்கு அனுப்பினேன், மூன்று எச்சரிக்கைக் குறிப்புகளோடு. அவர் எச்சரிக்கைகளைப் படித்ததாகத் தெரியவில்லை. உடனே தொலைபேசினார்.

"சார், பிரமாதம் சார்! உலகத்துல எந்த மலையிலயும் இப்படி அலாரம் வெச்ச மாதிரி மேகம் வந்ததில்ல!"

"இன்னும் சில நாள் பார்க்கலாம்னு..."

"பாருங்க சார், நல்லாப் பாருங்க!"

டிசம்பர் 1

காலை உப்புமா. 7:10க்கு 0.08. ஏமாற்றம். காரணம் விளங்கவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன்.

டிசம்பர் 2

இட்லி ஆறு. மேகம் திரும்பிவிட்டது: 0.93. பெரும் நிம்மதி.

காலை 6:50க்கே சமையலறைக்குப் போய்விட்டேன். காரணம் குளிர். நீலக் கம்பளிச்சட்டையை அணிந்ததற்கும் அதுவே காரணம்.

டிசம்பர் 4

திவாகரன் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்: "சிவசைலம் விளைவு." என் பெயர்! தடுக்க முயன்றேன். அதற்குள் மூன்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போய்விட்டதாம். நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்தேன். நடக்கும்போது இரண்டு முறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டு அல்ல.

மலைச்சரிவில் சூரியன் பட்டதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலேறுவதால் இது நிகழ்கிறது என்று நாலு பக்கக் கோட்பாடு எழுதினேன். பக்கம் மூன்று நன்றாக வந்திருக்கிறது.

டிசம்பர் 6

சாமான் ஏற்றி வந்த ஓட்டுநர்கள் மூவர் இங்கே காலை உணவு உண்டனர். மொத்தம் இட்லி முப்பத்தொன்று. 7:10க்கு 1.48. இதுவரையில் உச்சம். 7:35 வரை இறங்கவில்லை. அவர்களுடைய வருகைக்கும் பள்ளத்தாக்குக் காற்றுக்கும் தொடர்பு இருக்க முடியாது.

டிசம்பர் 7

தோசை. 0.07.

டிசம்பர் 8

பணியாரம். 0.06. இரண்டு நாளாக விளைவு இல்லை. தேய்பிறை காரணமாக இருக்கலாமோ? கோட்பாட்டில் ஐந்தாம் பக்கம் சேர்த்தேன். மயிலாத்தாளிடம், "ரெண்டு நாளா மேகம் வரலம்மா" என்று வருத்தப்பட்டேன்.

"எனக்கும் மாவு சரியில்லீங்க. பொங்கவே மாட்டேங்குது. இன்னிக்கே வேற மாவு ஆட்டிப்போடறேன், கவலப்படாதீங்க."

ஒவ்வொருவருக்கும் அவரவர் கவலை.

டிசம்பர் 9

இட்லி ஆறு. 0.95.

சாப்பிடும்போது தற்செயலாகச் சன்னல் வழியே வெளியே பார்த்தேன். இன்று எழுத வேறொன்றும் இல்லை.

பின்குறிப்பு: தகரக் குழாயின் வாய்க்கும் பெட்டியின் மூடிக்கும் இடையே உள்ள தூரம் 70 செ.மீ. இதை ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 10

இந்த நாட்குறிப்பைத் தொடக்கத்திலிருந்து புரட்டினேன். காலை உணவையும் அளவையும் நானே ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். முதலாண்டு மாணவன் ஒருவன் இதைக் கொண்டுவந்திருந்தால், "தம்பி, இதை ஒருமுறை உரக்கப் படி" என்றிருப்பேன்.

கருவியின் கையேடு, பக்கம் 41: "மூடி நனைந்தால் அளவு பலமடங்கு கூடும்."

தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். ஒரு சோதனை செய்தால்தான் தெரியும்.

டிசம்பர் 11

இன்று வானம் துடைத்து வைத்தது போல. பிற்பகல் மூன்று மணிக்கு இட்லி செய்ய முடியுமா என்று மயிலாத்தாளிடம் கேட்டேன்.

"மூணு மணிக்குங்களா? மத்தியானச் சோறு பத்தலீங்களா?"

"பத்திச்சும்மா. சாப்பிட இல்ல."

"சாப்பிட இல்லாம இட்லி எதுக்குங்க?"

ஆனாலும் செய்தார். 3:12க்கு, ஒரு துணுக்கு மேகமும் இல்லாத நீல வானத்தின் கீழ், என் கருவி 0.93 காட்டியது.

ஒரு முறை நிரூபணம் ஆகாது. நாளைக் காலை இட்லி வேண்டாம் என்றேன்.

மயிலாத்தாள் முகம் மாறிப்போயிற்று. "கல்லு மாதிரி இருக்குதுங்களா? நேராச் சொல்லிப்போடுங்க. சாப்பிட்டது பூரா ஆறு, ஆறரைன்னு நோட்டுல எழுதறீங்க. இப்ப வேண்டாங்கறீங்க."

டிசம்பர் 12

காலை: ரொட்டித்துண்டு இரண்டு, தட்டில் சத்தத்தோடு வைக்கப்பட்டன. 7:10க்கு 0.05.

டிசம்பர் 13

ரொட்டித்துண்டு இரண்டு. வெண்ணெய் கேட்கத் துணிவில்லை. 0.05.

சோதனை முடிந்தது. இனிச் சந்தேகப்பட வழியில்லை. வழி தேடிப் பார்த்தேன்.

டிசம்பர் 14

மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லத் துணிவு வராததால். குழாய், மூடி, ஆவி, நீல வானம், எல்லாம். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தேன்.

"அப்ப இத்தன நாளா எம்பட இட்லிக்குத்தான் உங்க பேர வெச்சாங்களா?"

"அப்படித்தான் ஆகிப்போச்சும்மா."

"இது நாயமுங்களா? மாவு ஆட்டறது நானு. ஊத்தறது நானு. வெளைவு மட்டும் உங்களுதுங்களா?"

பிறகு நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் ஓயவில்லை. கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்த டைரக்டரு கிட்டச் சொல்லிப்போட்டீங்களா?" என்றார்.

சிரிப்பு அங்கே நின்றது.

டிசம்பர் 15

திவாகரனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சார், உங்களத்தான் நினைச்சேன்! பதினெட்டாம் தேதி மொத்தக் கமிட்டியும் வருது. எட்டு பேர். ஏழு பத்துக்கு நேர்லயே பாக்கணுமாம். முன்னாள் தலைமைப் பொறியாளர் பத்மாசனி அம்மாவே வராங்க. அன்னிக்கே ஒப்புதல். நீங்க அங்கயே கையெழுத்துப் போட்டுடலாம்."

"திவாகரன், அந்த அளவு விஷயமா ஒரு சின்ன..."

"குளிருக்கு எல்லாருக்கும் சூடா டிபன் சொல்லிடுங்க சார். இட்லின்னா ரொம்ப நல்லது!"

வைத்துவிட்டார்.

டிசம்பர் 16

கடிதமாக எழுதினேன். நான்கு வரைவுகள். முதலாவதில் "இட்லி" என்ற சொல்லே இல்லை. இரண்டாவதில் "உள்ளூர் நீராவி மூலம்." மூன்றாவதில் "அரிசி, உளுந்து சார்ந்த வெப்பச் செயல்முறை." நான்காவது உண்மையைச் சொல்கிறது. அதை உறையில் இட்டு ஒட்டி, உறையை அகராதிக்குள் வைத்துவிட்டேன்.

பதினேழாம் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். அதே விடை.

டிசம்பர் 17

காலையில் மயிலாத்தாள் அரிசியை ஊறப்போடும் முன் என் எதிரே வந்து நின்றார்.

"வாத்தியாரே, இப்பவே சொல்லோணும். நாளைக்கு இட்லியா, உப்புமாவா?"

என் வாழ்க்கையில் இவ்வளவு கடினமான கேள்வியை எந்தத் தேர்விலும் பார்த்ததில்லை.

உப்புமா என்றால், ஏழு பத்துக்கு ஒன்றும் வராது. "இன்று மேகத்துக்கு மனமில்லை" என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். என் பொய் அளவுகள் காகிதத்தில் அப்படியே இருக்கும். வராத மழைக்காக இங்கே புகைக்குழல் நடுவார்கள். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை. எனக்கு நன்றாகப் பழகிய வழி.

"உங்களுக்கு என்ன தோணுதும்மா?"

"எனக்கென்னுங்க. எட்டுப் பேருக்கு உப்புமா கிண்டறது சுளுவு. ஆனா நீங்க தலையக் குனிஞ்சுட்டே சாப்பிடுவீங்க. அத நான் தெனமும் பாக்கோணும்."

"இட்லியே போடுங்க" என்றேன். அவர் அரிசியை அளக்கத் தொடங்கிவிட்டார்.

டிசம்பர் 18

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

6:40. இரண்டு வண்டிகளில் எட்டு பேரும் திவாகரனும். வானம் பளிங்கு. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்கு கூட இல்லை. திவாகரன் அண்ணாந்து பார்த்து, "கண்ணுக்குத் தெரியாத நீர், அதுதான் இதோட சிறப்பு" என்று விளக்கினார்.

6:55. எல்லோரும் சமையலறையில் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து அமர்ந்தனர். மயிலாத்தாள் இரண்டு பானைகளை ஏற்றியிருந்தார். மொத்தம் எழுபத்திரண்டு இட்லி.

7:08. 0.60. "வருது, வருது!" என்றார் திவாகரன்.

7:10. 1.90.

7:12. 2.64. கைதட்டல். ஒருவர் என் தோளைத் தட்டினார். திவாகரன் அறிக்கையையும் பேனாவையும் என் முன் நீட்டினார். பேனாவை வாங்கிவிட்டேன். மூடியும் திறந்தாயிற்று.

மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது மேகம் இல்லை" என்றேன்.

"என்ன சார்?"

"இட்லி."

"இதோ, இப்பப் பரிமாறிடுவாங்க சார்."

"இல்ல திவாகரன். மேகம்தான் இட்லி."

திவாகரன் சிரித்தார். "சார் நல்லா தமாஷ் பண்ணுவார்" என்றார் மற்றவர்களிடம். எல்லோரும் சிரித்தனர். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சரி என்பது எப்படி இருக்க முடியும் என்ற பழைய எண்ணம் ஒரு கணம் வந்தது. வாய் மூடிக்கொண்டது.

ஆனால் கால்கள் எழுந்துவிட்டன. கழுத்துத் துண்டை உருவினேன். முக்காலியில் ஏறி, நானே செய்த அந்தக் குழாயின் அடிவாயைத் துண்டால் அடைத்தேன். வெளியே ஓடிப் பெட்டியின் மூடியைத் துடைத்தேன். உள்ளே வந்தபோது திரையில் 0.04.

குழாய் அடைபட்டதால் இரண்டு பானை ஆவியும் அறைக்குள் திரும்பியது. என் கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. ஒரு முகமும் தெரியவில்லை, வெறும் வெண்மை. அந்த வெண்மையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். இடம் தேர்ந்தது நான், குழாய் செய்தது நான், ஐந்து பக்கக் கோட்பாடு எழுதியது நான், ஒன்பது நாளாக உண்மை தெரிந்தும் உறையை அகராதிக்குள் வைத்திருந்தவனும் நான். தேதிவாரியாக, உணவுவாரியாகச் சொன்னேன். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். முகங்கள் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

வெண்மைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பத்மாசனி அம்மையாருடையது:

"ஓட்டுநர்கள் வந்த அன்னைக்கு எத்தனை இட்லி?"

"முப்பத்தொன்று."

"அளவு?"

"1.48."

"ரொம்ப ஒழுங்கா ஏறியிருக்கே" என்றார். "திவாகரன், இந்த மனுஷர் இட்லியையே இவ்வளவு துல்லியமா அளந்திருக்கார். மேகத்தையும் அளக்கட்டும். பெட்டியை நகர்த்த எவ்வளவு நாள் வேணும் சார்?"

"நாளை மாலை புயல் ஏறுது. அதுக்குள்ள நகர்த்திடலாம். ஆனா அளவு போதாதுன்னு வந்தாலும் அதையே எழுதுவேன்."

"எழுதுங்க. அம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வைங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். திவாகரன் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். ஏழாவது இட்லியில் இருந்தார்.

டிசம்பர் 19

அலுவலகத்திலிருந்து வாய்மொழி உத்தரவு: சமையலறையை நாற்பது மீட்டர் தள்ளி மாற்றவும். மயிலாத்தாள்: "அடுப்பு நவராது. பொட்டிய நவுத்தச் சொல்லுங்க." பெட்டியை நகர்த்தினோம். கீழேயிருந்து நீளமான மின்கம்பி வந்தது. குழாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டேன்.

மாலை நான்கு மணிக்குப் புயல் ஏறியது.

டிசம்பர் 20

புயல். இரண்டு குடையும் போயின. மூடியை மணிக்கு நான்கு முறை துடைக்கிறேன். 0.22, 0.31, 0.19, 0.28. மேகம் எதிரில் சுவராக நிற்கிறது. இட்லி வாசனை துளியும் இல்லை.

டிசம்பர் 21

புயல் இறங்கிற்று. முப்பத்தொரு மணி நேரச் சராசரி: 0.25, கூடக் குறைய 0.03. ஏழு முறை போட்டுப் பார்த்தேன். ஏழு முறையும் ஒரே விடை.

டிசம்பர் 22

கையெழுத்திட்டேன். மலையில் போதிய நீர் உண்டு. வாரி வழங்கும் அளவுக்கு இல்லை. இரண்டாம் வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று திவாகரன் கேட்டார். எடுக்கவில்லை.

ஜனவரி 4

திட்டம் தொடர்கிறது, நானும் பங்குனி வரை இங்கே. எல்லா மலை நிலையங்களுக்கும் புதிய அளவுப் படிவம் வந்திருக்கிறது. நேரம், வெப்பநிலை, காற்று, நீர். ஐந்தாவது பத்தி: "காலை உணவு." கையேட்டின் பின்னிணைப்பில், தவிர்க்கக்கூடிய பிழைகள் என்ற தலைப்பின் கீழ், முதல் இடத்தில் "சிவசைலம் விளைவு." மயிலாத்தாளிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தப்புன்னு ஆனப்பறமும் உங்க பேரையே வெச்சிருக்காங்களே."

"உங்க பேரை வைக்கச் சொல்லி எழுதட்டுமா?"

"இப்ப எனக்கு வேண்டாமுங்க. நீங்களே வெச்சுக்கோங்க."

இட்லியைத் தூக்குப்போசியில் போட்டுப் பெட்டி இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

பெட்டியிலிருந்து சமையலறைக்கு அறுபத்திரண்டு காலடி. இன்று காலை இட்லி ஆறு. இரண்டும் எண்ணிப் பார்த்தவை. ஏறத்தாழ அல்ல.